அம்பத்தெட்டா, எம்பத்தெட்டா?

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுப்பதற்காகச் சென்ற வாரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் இருந்த இளைஞர் நான் சொன்னவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துக்கொண்டே வந்து, ஆண்டுக்கு வந்ததும், "ட்வென்ட்டி ட்வென்ட்டி சிக்ஸ்தானே அங்கிள்?" என்று கேட்டார். "இரண்டாயிரத்து இருபத்தாறு" என்றேன். "அதைத்தானே அங்கிள் நானும் சொன்னேன்" என்றார் அவர், சற்றே பொறுமை இழந்த குரலில். அவர் சொன்னது சரிதான். ஆனால் இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதக்காரனாக ஆனேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரே ஆண்டை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். முன்பு சுற்றிலும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், நின்றது. இப்போது பெரும்பாலும் செம்பனை. காலையில் கோப்பிக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நடப்பு ஆண்டின் பெயர் நான்கு மொழிகளில் காதில் விழும். வாகன வரி புதுப்பிக்க வந்த மலாய்க்காரர் "டுவா ரிபு டுவா புலோ எனாம்" என்பார். கல்லாவில் இருக்கும் சீனப் பெண் தன் பள்ளித் தோழியிடம் மாண்டரினில் "அர் லிங் அர் லியோ" என்று இரண்டு, சைபர், இரண்டு, ஆறாகத் தனித்தனி எண்களை வரிசையாக உதிர்ப்பாள். அவர்கள் மொழியில் ஆண்டுக்கு ஆயிரமும் இல்லை, இருபதும் இல்லை, நான்கு எண்கள் மட்டுமே. நம் பிள்ளைகள் "ட்வென்ட்டி ட்வென்ட்டி சிக்ஸ்" என்பார்கள். நாங்கள் "ரெண்டாயிரத்தி இருவத்தாறு" என்போம். அவசரமாக இருந்தால் "இருவத்தாறு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் ஆண்டை இரண்டு இரண்டு எண்களாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் பழையது. 1958 அவர்களுக்கு நைன்டீன் ஃபிப்டி எய்ட். 2000 பிறந்ததும் அந்த வண்டி தடம் புரண்டது. "ட்வென்ட்டி ஓ சிக்ஸ்" என்று சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை; ஆகவே பத்தாண்டுகள் "டூ தௌசண்ட் அண்ட் சிக்ஸ்" என்று ஆயிரத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். 2010க்குப் பிறகு பழைய பிரிப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. என் வயதுக்காரர்களில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இன்னும் "டூ தௌசண்ட் அண்ட் ட்வென்ட்டி சிக்ஸ்" என்றே சொல்கிறார்கள். அவர்களை அந்தப் பத்தாண்டு அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

மலாயிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1958ஐ "செம்பிலான் பெலாஸ் லீமா புலோ லாப்பான்", அதாவது பத்தொன்பது ஐம்பத்தெட்டு என்று பிரித்துச் சொல்வதை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நடப்பு ஆண்டை அப்படிப் பிரித்துச் சொல்லும் மலாய்க்காரரை நான் அரிதாகவே பார்க்கிறேன். அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் 1991 பிப்ரவரியில் அறிவித்த தொலைநோக்குத் திட்டம் மட்டும் இதற்கு விலக்கு. "வாவாசான் டுவா புலோ டுவா புலோ" என்று இருபது இருபதாக அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் காதும் பழகிவிட்டது. கண் பார்வை குறையில்லாமல் இருப்பதை ஆங்கில மருத்துவத்தில் இருபதுக்கு இருபது என்று குறிப்பதையும் அந்தப் பெயர் மனத்தில் வைத்திருந்தது. அந்த ஆண்டு வந்தபோது நாங்கள் பார்த்தது வேறு: மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. இன்று எங்கள் ஊரில் "இருவதுல" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் அது அந்தக் கதவடைப்பைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும்.

தமிழுக்கு இந்தத் தடுமாற்றமே கிடையாது. தமிழில் யாரும் ஒருநாளும் "பத்தொன்பது ஐம்பத்தெட்டு" என்று சொன்னதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு என்று ஆயிரத்திலிருந்து இறங்கி, நூறைத் தொட்டு, பத்தைக் கடந்து, ஒன்றில் வந்து நிற்போம். பழைய தமிழ் எண்களில் எழுதினாலும் அதே நடைதான். ஆயிரத்துக்கு ௲, நூறுக்கு ௱, பத்துக்கு ௰ என்று தனிக் குறிகள் இருந்த காரணத்தால் 1958ஐ ௲௯௱௫௰௮ என்று எழுதினார்கள். அதை இடமிருந்து வலமாக வாசித்தால் வாயால் சொல்வது அப்படியே வரும். இந்த ஆண்டு அந்த முறையில் ௨௲௨௰௬. சைபருக்கு அங்கே வேலையில்லை, நம் வாய்ச்சொல்லிலும் வேலையில்லை. எழுத்தும் பேச்சும் இப்படிக் கைகோத்து நடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

முழுமையாகச் சொல்வதில் சிரமம் இல்லாமல் இல்லை. 1999ஐ ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஒன்பது நூறுக்குத் தொள்ளாயிரம் என்று பெயர், ஒன்பது பத்துக்குத் தொண்ணூறு என்று பெயர். அதாவது ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருக்கும் படியின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு நிற்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றே ஒரு சொல் இருந்தது. என் மகள் சிறுமியாக இருந்தபோது, "அப்பா, ஆயிரம் ஒண்ணுதானே இருக்கு, ஏன் ரெண்டு தடவை சொல்றீங்க?" என்று கேட்டாள். நான் அன்று சொன்ன பதில் அவளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. 2000 பிறந்தபோது ஆங்கிலத்துக்கு நாக்கு சிக்கியது, தமிழுக்கோ சிக்கு விடுபட்டது.

இந்த மகள்தான் இன்று வீட்டில் "ட்வென்ட்டி ட்வென்ட்டி சிக்ஸ்" கட்சி. அவள் 1996இல் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2003. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியதும் அதே 2003. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடக்கம். ஆகவே அவளுடைய வகுப்பினர் தமிழைத் தமிழில் படித்தார்கள், எண்களை ஆங்கிலத்தில் படித்தார்கள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். என்னைவிட அழகாகக் கட்டுரை எழுதுவாள். எண் வந்ததும் மட்டும் வாய் தானாக ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். பிள்ளைகள் தமிழை மறந்துவிட்டார்கள் என்று கோயில் கூட்டத்தில் பெரியவர்கள் சலித்துக்கொள்ளும்போது எனக்கு அது நியாயமாகப் படுவதில்லை. நாம்தான் எண்ணை அவர்களுக்குத் தமிழில் கொடுக்கவில்லை. (இங்கே தமிழ்ப்பள்ளி வகுப்பையும் ஆண்டு என்றுதான் சொல்வோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அண்டை வீட்டுச் சிறுவனிடம் "இது எந்த ஆண்டு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்க, அவன் "நாலாம் ஆண்டு சிவப்பு" என்றான்.)

என் பாட்டிக்கு இந்த எண்களே தேவைப்படவில்லை. அவர் ஆண்டுகளை நடந்த காரியங்களால் சொன்னார். ஜப்பான்காரன் காலம், துரைமார்களைச் சுட்ட வருஷம், மெர்டேக்கா (சுதந்திர) வருஷம். துரைமார்களைச் சுட்ட வருஷம் என்றால் 1948. அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960இல்தான் முடிந்தது. பாட்டியிடம் 1948 என்று சொன்னால் விழிப்பார். "துரைங்களைச் சுட்டப்போ உங்க அம்மாவுக்கு எட்டு வயசு" என்பதுதான் அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. கேட்கிறவர்கள் அத்தனை பேரும் அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருந்த வரைக்கும் அதில் குழப்பத்துக்கு இடமும் இல்லை.

ஜப்பான்காரன் காலம் எங்கள் குடும்பத்துக்கு வேறொரு ஆண்டையும் விட்டுச் சென்றிருக்கிறது. என் தாய்மாமன் 1943இல் பிறந்தவர். அவருடைய பிறப்புச் சான்றிதழில் இருக்கும் ஆண்டோ 2603. ஜப்பானியர்கள் தங்கள் முதல் பேரரசர் கிறிஸ்துவுக்கு முன் 660ஆம் ஆண்டில் அரியணை ஏறியதாகச் சொல்லும் மரபைக் கொண்டு ஆண்டை எண்ணினார்கள். நம் எண்ணிக்கையோடு 660ஐக் கூட்டினால் அது கிடைக்கும். மலாயாவைப் பிடித்த பிறகு இங்கேயும் அந்த எண்ணிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மாமா அந்தத் தாளை நான்காக மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். மடிப்பு பிரிந்த இடங்களில் பின்பக்கம் ஒட்டு நாடா போட்டிருக்கிறது, நாடா மஞ்சளாகப் போய்விட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் அதை நீட்டியபோது, முகப்பில் இருந்த இளம்பெண் தாளையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எண்ணை மலாயில் வாய்விட்டு வாசித்தாராம்: "டுவா ரிபு எனாம் ராத்துஸ் தீகா." மாமா அதை இன்றும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். "நான் பொறக்கறதுக்கு இன்னும் ஐந்நூத்தி எழுவத்தேழு வருஷம் இருக்கு, அதுக்குள்ள எனக்கு ரெண்டு முழங்காலும் போயிருச்சு."

அடையாள அட்டை வந்த பிறகு ஆண்டு இன்னும் சுருங்கியது. பன்னிரண்டு எண்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு தேதி. மருந்தகத்திலும் வங்கியிலும் நாள் முழுவதும் இதை ஒப்பித்து ஒப்பித்து, பிறந்த ஆண்டு என்றாலே இரண்டு எண்கள்தான் என்று நாக்கு முடிவுசெய்துவிட்டது. 2000க்குப் பின் பிறந்த பிள்ளைகள் அந்தச் சைபரைத் தமிழ்ப் பேச்சிலும் மலாய்ச் சொல்லால் "கோசோங்" என்றே சொல்வார்கள்; சர்க்கரை இல்லாத கறுப்புக் கோப்பிக்கு நாம் சொல்லும் அதே கோசோங். இந்த ஆண்டு பிறக்கும் குழந்தையின் எண் 26 என்று தொடங்கும். நூறு வயதைத் தொட்ட பாட்டி யாராவது இருந்தால் அவருடைய எண்ணும் 26 என்றுதான் தொடங்கும். பேராக் ஆறு கரை புரண்ட பெரிய வெள்ளமும் 1926இல் வந்ததுதான். "இருவத்தாறு வெள்ளம்" என்று எங்கள் வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்த ஆண்டு இறுதியில் மழை கனத்துப் பெய்துவிட்டால் அந்தச் சொல் எந்த வெள்ளத்தைக் குறிக்கும் என்ற கவலை எனக்கு இப்போதே வந்துவிட்டது.

இனி அந்தக் கதை. எங்கள் கோயில் லயத்துப் பக்கத்திலிருந்து இப்போதைய மேட்டுக்கு மாறியது 1958இல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடமுழுக்கு நடந்தபோது, கோயில் வரலாற்றைப் பத்து வரியில் அழைப்பிதழின் பின்பக்கம் போடலாம் என்று செயற்குழுவில் முடிவானது. தோட்ட அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு எண்கூடப் பிசகாமல் எழுதியவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையில்தான் எழுதிக் கொடுக்காமல் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினேன். அம்பத்தெட்டு என்று நான் சொன்னேன். எம்பத்தெட்டு என்று அங்கே கேட்டது. ஐந்நூறு அழைப்பிதழ்களிலும் கோயில் 1988இல் கட்டப்பட்டதாக வந்து இறங்கியது.

எழுத்தில் ஐம்பதும் எண்பதும் வேறு வேறு. வாய்ப்பேச்சில் ஐம்பது "அம்பது" ஆகிறது, எண்பது "எம்பது" ஆகிறது. நடுவில் இருப்பது ஓர் அகரமும் ஓர் எகரமும் மட்டும். லோரி ஓடும் சாலையோரத்தில் நின்றுகொண்டு பேசினால் அந்த வித்தியாசம் காற்றோடு போய்விடும். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒன்றுபோல் ஒலித்துத் தொல்லை கொடுப்பதைப் பார்த்துச் சிரித்தவன் நான்; தமிழில் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் அந்தத் தொல்லை இல்லை என்று மகளிடம் பெருமையடித்ததும் உண்டு. நம்முடைய குழி வேறு இடத்தில் இருந்தது. மலாயில் லீமா புலோ, லாப்பான் புலோ. மாண்டரினில் வூ, பா. அவர்களில் யாரும் இதில் விழ மாட்டார்கள்.

அச்சகத்தார் "நீங்க எம்பதுன்னுதான் சொன்னீங்க" என்று சாதித்தார். நான் இல்லை என்றேன். சாட்சி இல்லாத வழக்கு. இதில் எனக்கு வலித்தது வேறொன்று. மேட்டுக்குக் கல் சுமந்தவர்களில் ஒரு பாட்டி இன்னும் இருக்கிறார். 1958இல் அவருக்குப் பதினைந்து வயது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பதில் சிரமம் இருந்தாலும் எண் நன்றாகத் தெரியும். அழைப்பிதழைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நான் கல்லு சொமந்தது கனவா, கிராணி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மறுபடி அச்சடிக்கப் பணம் இல்லை. பந்தலுக்கும் மேளத்துக்குமே கணக்கு இடித்தது. ஆகவே 1958 என்று மட்டும் அச்சிட்ட சிறிய வெள்ளைச் சீட்டுகளை வெட்டி, கோயில் இளைஞர்களோடு இரண்டு மாலை உட்கார்ந்து, ஐந்நூறு அழைப்பிதழ்களிலும் ஒவ்வொன்றாக ஒட்டினோம். சீட்டு விரல் நகத்தைவிடச் சிறியது. பசை சற்று அதிகமானால் பக்கத்து வரியின் மை கரைந்தது, குறைந்தால் ஓரம் தூக்கிக்கொண்டது.

அன்றிலிருந்து நான் ஆண்டை முழுமையாகத்தான் சொல்கிறேன், அதுவும் எழுத்துத் தமிழில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. இரண்டாயிரத்து இருபத்தாறு. ரெண்டாயிரத்தி, இருபத்தி என்ற இகரத்தையும் விட்டுவிட்டேன்; இருபத்து என்பதோடு ஆறு சேர்ந்தால் இருபத்தாறுதானே தவிர, இருபத்தியாறு ஆகாது. பேச்சில் பிறர் அப்படிச் சொன்னால் நான் திருத்தப் போவதில்லை, எழுத்தில் கண்டால் மட்டும் கை சும்மா இருக்காது. தொலைபேசி என்றால் கூடுதலாக ஒரு காப்பு: தமிழில் சொன்ன பிறகு "லீமா, லாப்பான்" என்று மலாயில் எண்களைத் தனித்தனியாக ஒருமுறை சொல்லிவிடுவேன். இதற்காகப் பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

ஆடித் திருவிழா அழைப்பிதழின் முதல் வரியில் வழக்கம்போல "நிகழும் மங்களகரமான பராபவ வருடம்" என்று இருக்கும். அதன் கீழே செயற்குழுவில் உள்ள தமிழாசிரியர் ஒருவரின் விருப்பப்படி திருவள்ளுவர் ஆண்டு 2057, அதற்கும் கீழே 2026. பராபவ என்ற பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவது. ஆகவே அதைச் சொல்வதும் இருபத்தாறு என்று மட்டும் சொல்வதும் ஏறக்குறைய ஒரே காரியம், எந்தச் சுற்று என்பதைக் கேட்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திருவள்ளுவர் ஆண்டுக்கு முப்பத்தொன்றைக் கூட்ட வேண்டும் என்பதை இளைஞர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் அதை வாயால் சொல்ல நான் யாரையும் கேட்டதில்லை. அந்த எண்ணை வாசிக்கும்போது அச்சக இளைஞர் மட்டும், "ட்வென்ட்டி ஃபிப்டி செவனா அங்கிள்? அவ்வளவு முன்கூட்டியா அழைப்பிதழ் போடறீங்க?" என்றார்.

அச்சுப்படி கைக்கு வந்ததும், எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, பெரிய சாலையோரத்து மளிகைக் கடைக்குச் சாம்பிராணி வாங்கப் போனேன். குடமுழுக்கு அழைப்பிதழைத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, இன்னும் கல்லாவுக்குப் பின்னால் சுவரில், வரலாறு இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டி வைத்திருக்கிறார். சாமி படம் இருக்கும் பக்கத்தில் பசை தடவக் கூடாது என்பது அவருடைய மரியாதை. இரண்டு ஆண்டு வெயிலில் அந்த வெள்ளைச் சீட்டு ஓரம் சுருண்டு, ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. காற்றாடி சுழலும்போது சீட்டு மேலே எழும்பி அடியில் 1988 தெரிகிறது, இறங்கும்போது 1958 வந்து அதை மூடிக்கொள்கிறது. தவுக்கேயிடம் கொஞ்சம் பசை கேட்டேன்.